சம்மன் யாருக்கு? அவகாசம் யாருக்கு?

கோர்ட்டு அல்லாத ஒரு சர்க்கார் அதிகாரி, தம் கையெழுத்திட்ட ஒரு தாளை அனுப்பி, "இன்ன தேதியில், இன்ன தஸ்தாவேஜுகளுடன் என் முன் ஆஜராகு, சத்தியம் செய்து சாட்சியம் சொல்" என்று எவருக்கும் கட்டளையிடும் அதிகாரம் நம் நாட்டில் பல சட்டங்களில் உண்டு. கம்பெனிச் சட்டத்தில் உண்டு. சுங்கச் சட்டத்தில் உண்டு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் சட்டத்தில் உண்டு. பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் உண்டு. கூலியைச் சரிபார்க்க வரும் தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கும் ஓரளவு உண்டு. போலீஸ் வேண்டியதில்லை, வாரண்டு வேண்டியதில்லை, நீதிபதியின் முன் அனுமதியும் வேண்டியதில்லை. ஒரு தாள் போதும்.

இந்த அதிகாரம் வேண்டுமா, வேண்டாமா? சமீப ஆண்டுகளில் எதிர்க்கட்சிகளின் மேல் இது பிரயோகிக்கப்படும் விதத்தைப் பார்த்து, வேண்டவே வேண்டாம் என்று சில நண்பர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய ஆத்திரம் நமக்குப் புரிகிறது. ஆனால் அவர்களுடைய முடிவு தவறு என்றே நாம் கருதுகிறோம்.

ஏன்? தொழிலாளியை எவ்வளவு சுரண்டினான் என்பதும், சர்க்காருக்கு எவ்வளவு வரி ஏய்த்தான் என்பதும், சிறு பங்குதாரரின் பணத்தை எந்தப் பினாமிக் கம்பெனிக்குக் கடத்தினான் என்பதும் ஊர் அறிய நடக்கும் காரியங்கள் அல்ல. அவை முதலாளியின் பேரேட்டில், மினிட் புத்தகத்தில், பாங்கிக் கணக்கில் எழுதி வைக்கப்பட்டுப் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருக்கும் காரியங்கள். திருட்டுக்குச் சாட்சி தெருவில் கிடைக்கலாம். லாபத்தின் திருட்டுக்குச் சாட்சி திருடனுடைய கணக்குப்பிள்ளையிடம்தான் இருக்கிறது. அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் சமூகத்துக்கு இல்லை என்றால், மற்ற எல்லாச் சட்டங்களும் வெற்றுக் காகிதங்களே. 1917 செப்டம்பரில், புரட்சிக்குச் சில வாரங்கள் முன்னால், பஞ்சத்தைத் தடுக்க ரஷ்யா உடனே செய்ய வேண்டிய காரியங்கள் எவை என்று லெனின் எழுதியபோது, பாங்குகளைத் தேசியமயமாக்குவதோடு வர்த்தக ரகசியத்தை ஒழிப்பதையும் ஒன்றாகச் சேர்த்தது காரணமில்லாமல் அல்ல.

எனவே பிரச்னை சம்மன் அதிகாரம் இருப்பதல்ல. அது யார் மேல் பாய்கிறது, எப்படி எழுதப்படுகிறது, எழுதியபின் எப்படி அமலாகிறது என்பதே பிரச்னை.

சேலம் மாவட்டத்தில் சிறிதளவு நிலம் வைத்திருக்கும் இரு வயோதிகத் தலித் விவசாயிகளுக்கு 2023இல் அமலாக்கத் துறையிலிருந்து சம்மன் வந்தது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் சென்னைக்கு வந்து ஆஜராக வேண்டும் என்றது தாள். ஆயிரக்கணக்கான கோடிகள் புரளும் மோசடிகளைப் பிடிப்பதற்காக எழுதப்பட்ட சட்டம் அது. தபால் உறையின் மேல் அவர்கள் பெயரோடு அவர்களுடைய சாதியும் எழுதப்பட்டிருந்தது! வனவிலங்கு சம்பந்தமான ஒரு பழைய வழக்கு அடிப்படையாகக் காட்டப்பட்டது. அந்த வழக்கிலோ அவர்கள் ஏற்கெனவே விடுதலை ஆகிவிட்டனர். 2024 ஜனவரியில் செய்தி வெளிவந்து, நாலாபுறமும் கண்டனம் எழுந்தபிறகுதான் விவகாரம் கைவிடப்பட்டது. பஸ் செலவுக்குக் கடன் வாங்க வேண்டிய மனிதர்களுக்கு இந்தத் தாள் எவ்வளவு எளிதாக எழுதப்பட்டு, எவ்வளவு தப்பாமல் வந்து சேர்ந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொண்டு, கோடீஸ்வரர்கள் இதே தாளை எப்படிச் சந்தித்தார்கள் என்ற கதையைக் கேட்க வேண்டும்.

கதை பழையது. 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி பார்லிமெண்டில் எழுந்து, டால்மியாவின் பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாலிசிதாரர்களின் பணம் என்ன ஆயிற்று என்று கேட்டார். மறு ஆண்டே ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசியமயமாயிற்று. 1956 டிசம்பரில் டால்மியா–ஜெயின் கம்பெனிகளைப் பற்றி விசாரிக்க, 1952ஆம் ஆண்டின் விசாரணைக் கமிஷன்கள் சட்டத்தின் கீழ் ஒரு கமிஷனைச் சர்க்கார் நியமித்தது. சாட்சிகளை வரவழைக்கவும் கணக்குகளைக் கேட்டு வாங்கவும் கமிஷனுக்கு அதிகாரம் உண்டு. டால்மியா என்ன செய்தார்? கணக்கைக் கொண்டு போகவில்லை, கோர்ட்டுக்குப் போனார். எங்களை மட்டும் பொறுக்கி எடுத்து விசாரிப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று வாதாடினார். சமத்துவத்தின் மேல் அவருக்குத் திடீரென்று அவ்வளவு காதல்! 1958 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு, தண்டனை பற்றிச் சிபாரிசு செய்யச் சொன்ன ஒரு சிறு பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, கமிஷன் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அறிக்கை கைக்கு வர 1962 ஆகிவிட்டது.

இதே காலத்தில் நடந்த முந்த்ரா விவகாரத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் 1 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து முந்த்ராவின் பங்குகளை வாங்கியது ஏன் என்று நீதிபதி சாக்ளா 1958 தொடக்கத்தில் பகிரங்கமாக விசாரித்தார். மந்திரியும் காரியதரிசியும் சாட்சிக் கூண்டில் பதில் சொன்னார்கள். பொதுமக்கள் கூடி நின்று கேட்டார்கள். சில வாரங்களில் விசாரணை முடிந்தது. நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். சட்டம் ஒன்றுதான். ஓரிடத்தில் சில வாரங்கள், இன்னோரிடத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல். பதில் சொல்ல வேண்டியது பொதுத் துறையாக இருந்தபோது கதவு உடனே திறந்தது. தனியார் சாம்ராஜ்யமாக இருந்தபோது பூட்டை உடைப்பதே வழக்காகிவிட்டது.

இதற்குப் பின் வந்த ஒரு தீர்ப்பு இன்றுவரை இந்த விஷயத்தில் அஸ்திவாரக் கல்லாக இருக்கிறது. ஹரிநகர் சர்க்கரை ஆலையின் மானேஜிங் ஏஜெண்டு ராஜா நாராயண்லால் பன்சிலால். கம்பெனியின் நடவடிக்கைகளைப் பரிசீலிக்க 1954இல் இன்ஸ்பெக்டர் ஒருவர் நியமிக்கப்பட்டார். கணக்குகளைக் கொடு, கேள்விகளுக்குச் சத்தியம் செய்து பதில் சொல் என்று அவர் நோட்டீஸ் அனுப்பினார். ராஜா அரசியல் சட்டத்தைக் கையில் எடுத்தார். குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி நிர்ப்பந்திக்கக் கூடாது என்று 20ஆவது பிரிவின் 3ஆவது ஷரத்து கூறுகிறதே, என்னை எப்படிக் கேட்கலாம் என்றார். 1960 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு பதில் சொல்லிற்று: இன்ஸ்பெக்டர் உண்மையைக் கண்டறிய வந்தவர், இந்தக் கட்டத்தில் நீ குற்றம் சாட்டப்பட்டவனே அல்ல, ஆகவே அந்த ஷரத்து உனக்கு உதவாது, கணக்கைக் கொடு. இடையில் எத்தனை ஆண்டுகள் கழிந்தன என்பதை வாசகர்களே கூட்டிக்கொள்ளட்டும். ஆறு ஆண்டுகளில் ஒரு சர்க்கரை ஆலையில் எத்தனை அரவைப் பருவங்கள் வந்து போயிருக்கும்!

வாதத்தில் தோற்றவர்கள் வேறு வாசல் தேடினார்கள், கண்டும் பிடித்தார்கள். சம்மனை எதிர்ப்பதற்குப் பதிலாக, சம்மனுக்கு வேராக உள்ள விசாரணை உத்தரவையே எதிர்ப்பது என்று முடிவு செய்தார்கள். 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 237ஆவது பிரிவு, கம்பெனியில் மோசடி நடப்பதாகக் காட்டும் சந்தர்ப்பங்கள் இருப்பதாகக் கம்பெனிச் சட்ட போர்டு கருதினால் விசாரணைக்கு உத்தரவிடலாம் என்றது. பேரியம் கெமிக்கல்ஸ் வழக்கில் 1966 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளில் மூவர், 'கருதினால்' மட்டும் போதாது, கருதுவதற்கான சந்தர்ப்பங்கள் உண்மையில் இருக்க வேண்டும், அவற்றைக் கோர்ட்டுக்குக் காட்ட வேண்டும் என்று கூறி உத்தரவை ரத்துச் செய்தனர். இருவர் இதை ஏற்கவில்லை. அடுத்து, சாகு–ஜெயின் குடும்பத்தின் ரோத்தாஸ் இண்டஸ்ட்ரீஸ் மேல் 1963இல் போடப்பட்ட விசாரணை உத்தரவும் 1968 டிசம்பரில் இதே வழியில் விழுந்தது. பீகாரில் டால்மியா நகர் என்ற ஊரையே தன் வாயிற்படியில் வைத்திருந்த கம்பெனி அது. 1984இல் கதவடைப்பானபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் வீதிக்கு வந்தன.

இந்தத் தீர்ப்புகளை முதலாளிகளுக்குச் சாதகம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாமா? கூடாது. அதிகாரி காரணம் காட்ட வேண்டும் என்ற விதி நல்ல விதி. அதை நாம் வரவேற்கிறோம். நாளை அது ஒரு தொழிற்சங்க அலுவலகத்தையும் காப்பாற்றும். நமது புகார் வேறு. விதியைத் தெரிந்துகொண்ட பிறகும் சர்க்கார் இலாகாக்கள் உத்தரவுகளையும் சம்மன்களையும் ஓட்டை ஓட்டையாக எழுதிக்கொண்டேயிருப்பது ஏன்? முதலாளியின் வக்கீல் நுழைவதற்கென்றே வாசல் விட்டு எழுதுகிறார்களோ என்று சந்தேகிக்கும்படி இருக்கிறது.

நல்ல சம்மன் எப்படி இருக்க வேண்டும்? இதில் மந்திரம் ஒன்றுமில்லை. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ், எந்த விசாரணைக்காக அனுப்பப்படுகிறது என்று முதலில் சொல்ல வேண்டும். யாரிடம் கேட்கிறோம் என்பது அடுத்தது. கம்பெனியைக் கேட்கிறோமா, டைரக்டரை அவருடைய சொந்த ஹோதாவில் கேட்கிறோமா, கணக்கை வைத்திருக்கும் ஆடிட்டரைக் கேட்கிறோமா என்பது தெளிவாக இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று காலத்தை வரையறுக்க வேண்டும். எந்தப் புத்தகங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "சம்பந்தப்பட்ட எல்லாத் தஸ்தாவேஜுகளும்" என்று எழுதுவதுதான் இலாகாக்களின் நிரந்தர வியாதி. அது கண்டிப்பு போலத் தோன்றும். உண்மையில் அது சோம்பேறித்தனம். எது சம்பந்தப்பட்டது, எது சம்பந்தமில்லாதது என்று தீர்மானிக்கும் உரிமையை அது முதலாளியின் கையிலேயே கொடுத்துவிடுகிறது. கோர்ட்டிலோ, 'கண்ணை மூடிக்கொண்டு வலை வீசுகிறார்கள்' என்று வாதாட அவருக்கு இடமும் தருகிறது.

ஒரு மில்லில் குறைந்தபட்சக் கூலி தரப்படுகிறதா என்று பார்க்கப் போகிறார் இன்ஸ்பெக்டர் என்று வைத்துக்கொள்வோம். சம்பளப் பட்டியலை மட்டும் கேட்டால் அழகான சம்பளப் பட்டியல் கிடைக்கும். கையெழுத்தும் ரேகையும் வரிசையாக இருக்கும். இன்ஸ்பெக்டருக்காகவே எழுதப்பட்ட பட்டியல் அது என்பது மில் வாசலில் டீ விற்பவருக்கும் தெரியும். அதே மூன்று மாதங்களுக்கு வாயிற் காவலரின் வருகைப் புத்தகம், மிஷின் வாரியான உற்பத்திக் கணக்கு, மின்சார பில், காண்டிராக்டருக்குக் கொடுத்த வவுச்சர், இ.எஸ்.ஐ.க்கும் பிராவிடண்டு பண்டுக்கும் அனுப்பிய விவரம் ஆகியவற்றைச் சேர்த்துக் கேட்டால்? இருநூறு பேர் மூன்று ஷிப்டு ஓடிய உற்பத்தியை எண்பது பேர் செய்ததாகப் பட்டியல் சொல்லும். பொய் தானாகவே எழுந்து நிற்கும். ஆறு புத்தகங்களில் ஒரே பொய்யை ஒரே மாதிரி எழுதக் கூடிய கணக்குப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. எந்த ஆறு புத்தகங்களைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லக் கூடியவன் அந்த மில்லில் வேலை செய்யும் தொழிலாளி. அவனை எந்த இலாகாவும் கேட்பதில்லை.

அமெரிக்கா முதலாளித்துவத்தின் கோட்டை. அங்கேயும் இந்தச் சண்டை நடந்தது. அதில் நமக்குப் பாடம் இருக்கிறது. 1894இலேயே அவர்களுடைய சுப்ரீம் கோர்ட்டு ரயில்வே கட்டணக் கமிஷன் விஷயத்தில் ஒரு முறையை ஏற்றுக்கொண்டது: இலாகா சம்மன் அனுப்பலாம், ஆனால் மறுப்பவனைத் தானே சிறையில் போட முடியாது, கோர்ட்டுக்குப் போய் அமல் உத்தரவு கேட்க வேண்டும். இதைப் பற்றிக்கொண்டு கம்பெனிகள் ஒவ்வொரு சம்மனையும் ஒரு முழு வழக்காக மாற்றின. எண்டிகாட் ஜான்சன் என்ற பெரிய செருப்புக் கம்பெனி, சர்க்காருக்குச் செருப்பு சப்ளை செய்ய ஒப்பந்தம் எடுத்திருந்தது. அப்படி ஒப்பந்தம் எடுப்பவர்கள் நிர்ணயிக்கப்பட்ட கூலி தர வேண்டும் என்று 1936ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. தொழில் மந்திரி பிரான்ஸிஸ் பெர்க்கின்ஸ் சம்பளக் கணக்குகளைக் கேட்டு சம்மன் அனுப்பினார். அந்தத் தொழிற்சாலைகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது, அதை முதலில் கோர்ட்டு தீர்மானிக்கட்டும், அப்புறம் கணக்கைப் பார்க்கலாம் என்றது கம்பெனி. கீழ்க் கோர்ட்டு அதற்கு இணங்கியது. 1943 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு மறுத்தது. சட்டம் பொருந்துமா என்பதைக் கண்டுபிடிக்கத்தானே கணக்கு வேண்டும்? கணக்கைப் பார்க்குமுன் அதை எப்படித் தீர்மானிப்பது? மூன்று ஆண்டு கழித்து, 1946இல், ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஒரு பத்திரிகைக் கம்பெனி, எங்கள் சம்பளக் கணக்கைக் கேட்பது பத்திரிகைச் சுதந்திரத்தின் மேல் தாக்குதல் என்று முழங்கியது. அதுவும் செல்லவில்லை. சட்டப்படி அதிகாரம் உள்ள விசாரணையா, கேட்டது விசாரணைக்குச் சம்பந்தப்பட்டதா, கேட்ட அளவு நியாயமானதா என்ற கேள்விகளுக்குப் பதில் இருந்தால் சம்மன் செல்லும் என்று கோர்ட்டு கூறியது. நாமும் பத்திரிகை நடத்துகிறவர்கள்தாம். அச்சுக் கோப்பவருக்குக் குறைந்த கூலி கொடுப்பது கருத்துச் சுதந்திரத்தில் சேராது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். எழுதுவது ஒன்று, அமலாக்குவது வேறொன்று. சகாராவின் இரு கம்பெனிகள், சுமார் மூன்று கோடிப் பேரிடம் கடன் பத்திரங்கள் என்ற பெயரில் இருபதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் திரட்டின. 2010இல் செபி விவரம் கேட்டது; சம்மன் அனுப்பியது. உனக்கு எங்கள் மேல் அதிகாரமே கிடையாது என்று பதில் வந்தது. செருப்புக் கம்பெனியின் அதே வாதம், அறுபத்தேழு ஆண்டுக்குப் பின்! அலகாபாத் ஹைகோர்ட்டில் தடை வாங்கினார்கள். பின் அது நீங்கிற்று. 2012 ஆகஸ்டு 31ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, பணத்தை 15 சதவீத வட்டியுடன் திருப்பிக் கொடு, தஸ்தாவேஜுகளைச் செபியிடம் ஒப்படை என்று தீர்ப்பளித்தது. அப்போது நடந்ததுதான் வேடிக்கை. இரண்டு ஆண்டுகளாக ஒரு தாள் கூடக் கொடுக்க மனமில்லாதவர்கள், 127 லாரிகளில் 31,669 அட்டைப் பெட்டிகளைக் கொண்டு வந்து பம்பாயில் செபியின் வாசலில் இறக்கினார்கள்! கணக்கை மறைக்க இரண்டு வழி உண்டு: ஒன்று கொடுக்காமல் இருப்பது, மற்றது மலைபோல் கொட்டுவது. எந்த வரிசையில், எந்த வடிவத்தில், எந்தப் பட்டியலுடன் தஸ்தாவேஜுகள் வர வேண்டும் என்பதும் சம்மனின் ஒரு பகுதியாக ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

எல்லையைத் தாண்டிவிட்டால் சம்மன் ஊமையாகிவிடுகிறது. அதானி கம்பெனிகளில் பணம் போட்டிருந்த 13 அந்நிய நிறுவனங்களுக்குப் பின்னால் உண்மையான உடைமையாளர்கள் யார் என்பதை 2020 அக்டோபர் முதல் செபி தேடிக்கொண்டிருந்தது. பல நாடுகளுக்கு எழுதிக் கேட்டும் விடை கிடைக்கவில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு நியமித்த நிபுணர் குழு 2023 மே மாத அறிக்கையில் கூறியது. செபி தவறியதாகச் சொல்ல முடியாது என்றும் அதே குழு கூறியது. ஹிண்டன்பர்க் புகார்களில் சிலவற்றை 2025 செப்டம்பரில் செபி நிரூபணமாகவில்லை என்று முடித்தும் விட்டது. நாம் இங்கே அந்தத் தீர்மானத்துக்குள் போகவில்லை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றே: அந்நிய முதலீட்டாளர்கள் தங்கள் உடைமை மர்மமாக இருக்கக் கூடாது என்ற விதியைத் தளர்த்தியது இதே செபிதான். பூட்டைத் தானே செய்து கொடுத்துவிட்டுச் சாவி கிடைக்கவில்லை என்று தேடுவது என்ன விசாரணை?

இனி அமலாக்கத் துறை. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 50ஆவது பிரிவு எவரையும் அழைக்கலாம், அழைக்கப்பட்டவர் வந்து உண்மை சொல்லியே தீர வேண்டும் என்கிறது. 2022 ஜூலை 27ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் இதை அப்படியே உறுதி செய்தனர். அமலாக்கத் துறை அதிகாரி போலீஸ் அல்ல என்றனர். எந்தப் புகாரின் மேல் விசாரிக்கிறோம் என்று அவர்கள் பதிவு செய்யும் அறிக்கையின் நகலை ஒவ்வொருவருக்கும் தர வேண்டியதில்லை என்றும் கூறினர். சர்க்கரை ஆலை ராஜாவின் வாயை அடைத்த அதே வாதம், 'நீ இன்னும் குற்றம் சாட்டப்பட்டவன் அல்ல' என்ற வாதம், இங்கே தலைகீழாகி நிற்கிறது. அங்கே இன்ஸ்பெக்டரின் கையில் கைதுசெய்யும் அதிகாரம் இல்லை. கம்பெனியின் கணக்கை அவர் கேட்டார். இங்கே கேட்பவரே கைதும் செய்யலாம். சொல்லும் வார்த்தையையே சாட்சியமாக்கலாம். ஜாமீன் கிடைப்பதோ குதிரைக் கொம்பு. கம்பெனியின் பேரேடு வேறு, மனிதனின் வாய் வேறு. முன்னதைக் கேட்க முழு அதிகாரம் வேண்டும் என்று சொல்லும் நாம், பின்னதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்றும் அதே மூச்சில் சொல்கிறோம். இதில் முரண்பாடு ஒன்றுமில்லை. ஒரு முதியவரை இரவு முழுதும் விழிக்க வைத்து வாக்குமூலம் வாங்கியதைப் பம்பாய் ஹைகோர்ட்டு 2024 ஏப்ரலில் கண்டித்தபின்தான், நேரங்கெட்ட நேரத்தில் விசாரிக்கக் கூடாது என்று அமலாக்கத் துறை தன் அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

பலன்தான் என்ன? பத்து ஆண்டுகளில் எம்.பி.க்கள், எம்.எல்.ஏ.க்கள், அரசியல் தலைவர்கள் மேல் 193 வழக்குகள். தண்டனை கிடைத்தது இரண்டில். 2025 மார்ச்சில் ராஜ்ய சபையில் மத்திய சர்க்காரே கொடுத்த கணக்கு இது. தண்டனை வாங்குவதற்காக அனுப்பப்பட்ட சம்மன்கள் அல்ல அவை என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையா?

இதற்காக, சம்மன் வந்த எல்லோரும் சாதுக்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் ஐந்து மாவட்டக் கலெக்டர்களை ஆற்று மணல் விவகாரத்தில் விவரங்களுடன் வரச் சொல்லி 2023இல் அமலாக்கத் துறை அழைத்தது. சென்னை ஹைகோர்ட்டு இடைக்காலத் தடை போட்டது. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஆஜராகச் சொன்னது. மத்திய சர்க்காரின் உள்நோக்கம் என்னவாகவும் இருக்கட்டும். காவிரியிலும் பாலாற்றிலும் எத்தனை யூனிட் அள்ளப்பட்டது, எத்தனை யூனிட்டுக்குப் பணம் கட்டப்பட்டது என்ற கணக்கு வெளிவர வேண்டாம் என்று கிணறு வற்றிப்போன எந்த விவசாயியும் சொல்லமாட்டான். அந்தக் கணக்கை டெல்லி கேட்கும்வரை காத்திராமல் மாநில சர்க்காரே கிராம சபைகளில் வைத்திருக்கலாம்.

கடைசியாக, நமக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வருவோம். 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ், இன்ஸ்பெக்டர் கேட்ட ரெஜிஸ்தரைக் கொடுக்க முதலாளி சட்டப்படி கடமைப்பட்டவர். மறுத்தால்? அந்தச் சட்டம் கைகாட்டிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 175ஆவது பிரிவின்படி ஒரு மாதம் வெறுங்காவல் அல்லது 500 ரூபாய் அபராதம். 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய அந்த 500 ரூபாய், 2024 ஜூலையில் அந்தச் சட்டமே மாறும் வரை அப்படியே இருந்தது! முதலாளிகள் அதை அபராதமாகக் கருதவில்லை; ஒரு சில்லறைச் செலவாகக் கருதினார்கள்.

2025 நவம்பர் 21ஆம் தேதி மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்து, பழைய சட்டத்தை ரத்துச் செய்தது. கூலிச் சட்டத் தொகுப்பில் 'இன்ஸ்பெக்டர்' என்ற பெயரோடு 'உதவி செய்பவர்' என்ற பெயரும் ஒட்டப்பட்டிருக்கிறது. யாருக்கு உதவி? எந்தத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும் என்பதை இணையவழித் திட்டம் நிர்ணயிக்க இடமளிக்கப்பட்டிருக்கிறது. சில விதிமீறல்களுக்கு முதல் தடவையில் வழக்குத் தொடருமுன், திருத்திக்கொள்ள எழுத்து மூலம் அவகாசம் தர வேண்டும். திருத்திக்கொண்டால் வழக்கே இல்லை. ரெஜிஸ்தர்களை வைக்காதவனுக்கும், தாறுமாறாக வைப்பவனுக்கும் அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய்.

இதைச் செபி சட்டத்தோடு வைத்துப் பாருங்கள். செபியின் விசாரணை அதிகாரி கேட்ட கணக்கைக் கொடுக்காவிட்டால் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்; மறுப்பு நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் மேலும் ஐந்து லட்சம் ரூபாய் வரை. அழித்துவிடுவார்கள் என்று அஞ்சினால் கோர்ட்டு அனுமதியுடன் புகுந்து கைப்பற்றலாம். பங்கு வாங்கியவனுடைய பணத்தின் கணக்கை மறைத்தால் ஒரு கோடி. வேர்வை சிந்தியவனுடைய கூலியின் கணக்கை மறைத்தால் பத்தாயிரம்! உழைப்புக்கும் மூலதனத்துக்கும் இந்தச் சர்க்கார் போடும் விலை என்ன என்பதை அவர்களுடைய சட்டப் புத்தகமே அச்சடித்துச் சொல்லுகிறது.

கூலி பெயரளவுக்கு உயர்ந்தாலும் அது கைக்கு வந்ததா என்று சரிபார்க்க முடியாத இடத்தில் உயர்வுக்கு அர்த்தமில்லை. 1947ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபன உடன்படிக்கை, முன்னறிவிப்பு இல்லாமல் எந்த நேரத்திலும் தொழிலிடத்துக்குள் நுழைந்து கணக்குகளைக் கேட்க இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் வேண்டும் என்கிறது. அவசியமான அளவு அடிக்கடி போக வேண்டும் என்கிறது. 1949இலேயே இந்தியா இதில் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டது. கையெழுத்து இன்னும் அழியவில்லை.

ஆகவே தொழிற்சங்கங்கள் இந்த ஆண்டு முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் வெளிப்படையானவை. கூலிக் கணக்கை மறைப்பதற்கான தண்டனையைச் செபி சட்டத்தின் அளவுக்கு உயர்த்து. சம்மனில் காரணமும் காலமும் கேட்கும் புத்தகங்களின் பெயரும் இருக்க வேண்டும் என்று எல்லா இலாகாக்களுக்கும் ஒரே விதி செய். அமலாக்கத் துறைக்கும் அதிலிருந்து விலக்குக் கொடுக்காதே. சம்மனை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகிறவர் தஸ்தாவேஜுகளை முத்திரையிட்டுக் கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டுத்தான் வாதாட வேண்டும் என்று சட்டம் செய். வழக்கு நடக்கும் ஆண்டுகளில் புத்தகங்கள் மாறிப்போகாமல் இருக்கும். ஒரு தொழிற்சாலையின் ரெஜிஸ்தர்கள் இன்ஸ்பெக்டர் முன் திறக்கப்படும்போது, அங்குள்ள தொழிலாளர்கள் ரகசிய வோட்டு மூலம் தேர்ந்தெடுத்த ஒரு பிரதிநிதி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவும், நகல் எடுத்துக்கொள்ளவும் உரிமை கொடு. தமிழ்நாடு சர்க்கார் கூலித் தொகுப்புக்கான விதிகளை எழுதும்போது இந்தக் கடைசிக் கோரிக்கையை விதியிலேயே சேர்க்கலாம். சேர்க்க மறுத்தால் ஏன் என்று அதற்கும் எழுத்து மூலம் காரணம் சொல்லட்டும்.